வைரஸ் தானாகவே ஒன்றுசேர்கிறதா, செல்லின் புரதங்கள் சேர்த்துவைக்கின்றனவா?

பதிவு 1: இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். வைரஸ் பெருக்கத்தை விளக்கும்போது, செல்லுக்குள் நியூக்ளிக் அமிலமும் உறைப் புரதமும் தனித்தனியே உருவாகி, பின்னர் அவை தாமாகவே ஒன்றுசேர்ந்து புதிய துகள்களாகின்றன என்று சொல்வது என் வழக்கம். அதற்குச் சான்றாக 1955ஆம் ஆண்டுச் சோதனையைக் கூறுவேன். ஃபிரேங்கல்-கான்ராட், ராப்லி வில்லியம்ஸ் ஆகிய இருவரும் பெர்க்லியில் புகையிலை மொசைக் வைரஸைப் புரதமாகவும் ஆர்.என்.ஏ.வாகவும் பிரித்தெடுத்து, அவற்றை மீண்டும் கலந்தபோது, பழைய குச்சி வடிவமும் இலையில் நோயுண்டாக்கும் திறனும் திரும்பக் கிடைத்தன.

சென்ற வாரம் ஒரு மாணவி, "சோதனைக் குழாயிலேயே ஒன்றுசேர்ந்துவிடும் என்றால் அதற்குச் செல் எதற்கு?" என்று கேட்டாள். ரைபோசோம் இல்லாமல் புரதம் எங்கிருந்து வரும் என்று திருப்பிக் கேட்டுச் சமாளித்துவிட்டேன். ஆனால் எச்.ஐ.வி. பற்றிப் படிக்கப் படிக்க, அந்தப் பதில் போதாது என்று தோன்றுகிறது. புரதம் தயாரான பிறகும், துகள் உருவாகி வெளியேறுவதற்குள் செல்லின் புரதங்கள் பல அதில் பங்கேற்கின்றனவாம். அப்படியானால் "தானே ஒன்றுசேர்தல்" என்ற பாடமே தவறா, அல்லது சில வைரஸ்களுக்கு மட்டும் பொருந்துவதா?

பதிவு 2: நீலமலை

பாடம் தவறில்லை, ஆனால் அது கதையின் நடுப்பகுதியை மட்டும் சொல்கிறது. நீங்கள் எச்.ஐ.வி.யைக் குறிப்பிட்டதால் அதையே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இந்தக் கேள்வி மிக நுணுக்கமாக ஆராயப்பட்டிருப்பது அந்த வைரஸில்தான்.

எச்.ஐ.வி. துகளின் உடலை அமைப்பது காக் என்ற ஒரே புரதம். முதிராத ஒரு துகளில் ஏறத்தாழ 2,500 காக் மூலக்கூறுகள் அறுகோண வலையாகப் பின்னியிருக்கும். ஒரு காக் மற்றொரு காக்கைப் பற்றிக்கொள்ளும் இயல்பு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அந்த அளவில் இது தானே ஒன்றுசேர்தல்தான். ஆனால் எங்கே ஒன்றுசேர்வது என்பதைத் தீர்மானிப்பதில் செல் குறுக்கிடுகிறது. காக்கின் முனையிலுள்ள கிளைசினில் மிரிஸ்டிக் அமிலம் என்ற 14 கார்பன் கொழுப்பு அமிலத்தை ஒட்டவைப்பது செல்லின் ஒரு நொதி. அந்தக் கொழுப்பு வாலும், பிளாஸ்மா சவ்வின் உட்புறத்தில் மிகுந்திருக்கும் ஒரு பாஸ்போலிப்பிடும் சேர்ந்துதான் காக்கைச் சவ்வுக்கு அழைத்துச் சென்று நிறுத்துகின்றன. அந்தக் கிளைசினை மாற்றிவிட்டால் காக் செல்லுக்குள்ளேயே அலைந்துகொண்டிருக்கும். வெளியே துகள் வராது.

உண்மையான சிக்கல் இறுதிக் கட்டத்தில் வருகிறது. சவ்வு மொட்டைப் போல வெளிப்புறம் புடைத்து, ஒரு மெல்லிய கழுத்தால் மட்டும் செல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். சுருக்குப்பையின் வாயை வெளியிலிருந்து கயிற்றால் இறுக்குவது எளிது. செல் தன் சவ்வை உட்புறமாக மடித்துப் பொருள்களை விழுங்கும்போது, டைனமின் என்ற புரதம் கழுத்தைச் சுற்றிவளைத்து அப்படித்தான் இறுக்குகிறது. வைரஸ் மொட்டிலோ செல்லின் சைட்டோபிளாசம் கழுத்தின் உட்பக்கத்தில் இருக்கிறது. பைக்குள் இருந்துகொண்டே பையின் வாயை மூடி அறுக்க வேண்டிய வேலை இது. காக் வலையால் இதைச் செய்ய முடியாது. 1991இல், காக்கின் கடைசிப் பகுதியான பி6ஐச் சிதைத்த வைரஸ்களை ஆராய்ந்தபோது, துகள்கள் உருவாகியும் பிரிய முடியாமல், காம்பில் காய் தொங்குவதுபோலச் செல்லின் மேற்பரப்பில் தொங்கிக்கொண்டிருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது.

அதன் காரணம் 2001இல் தெளிவானது. பி6 பகுதியில் புரோலின், திரியோனின், அலனின், புரோலின் என்று வரிசையாக நான்கு அமினோ அமிலங்கள் உள்ளன; அவை செல்லின் டி.எஸ்.ஜி.101 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் புரதம் எஸ்கார்ட் எனப்படும் புரதத் தொகுதிகளில் முதலாவதன் உறுப்பினர். காக் இன்னொரு வாசல் வழியாக, ஆலிக்ஸ் என்ற புரதத்தைப் பிடித்தும் அதே தொகுதிகளை அழைக்க முடியும். வரவழைக்கப்பட்ட மூன்றாம் எஸ்கார்ட் தொகுதி, கழுத்தின் உட்புறத்தில் இழைகளாகச் சுருண்டு அதைக் குறுக்குகிறது, வி.பி.எஸ்.4 என்ற நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழித்து அந்த இழைகளை மறுசீரமைத்துக் கழற்ற, சவ்வு அறுபடுகிறது.

இவை எவையும் வைரஸுக்காக ஏற்பட்டவை அல்ல. இவை முதலில் கண்டறியப்பட்டது ஈஸ்டில். செல் விழுங்கிய பொருள்கள் சேரும் அறையான எண்டோசோமுக்குள் சிறு சவ்வுப் பைகளை அறுத்துவிடுவது அவற்றின் பணி. செல் பிரிதலின் முடிவில் இரு சேய்ச் செல்களை இணைத்திருக்கும் இழையை அறுப்பதும் இதே கருவிதான் என்று 2007இல் காட்டினார்கள். மூன்று இடங்களிலும் கழுத்தின் உட்புறத்திலிருந்து அறுக்கும் அதே வேலைதான் நடக்கிறது.

பதிவு 3: கல்லணையான்

நீலமலை அவர்களின் விளக்கம் அருமை. எனினும் ஒரு மறுப்பு. நீங்கள் சொன்னவற்றில் பெரும்பகுதி வெளியேறுதல் பற்றியது, ஒன்றுசேர்தல் பற்றியது அன்று. வீட்டைக் கட்டுவதையும் வாசற்கதவைத் திறப்பதையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. தூய்மைப்படுத்திய காக் புரதத்தோடு ஏதேனும் ஒரு நியூக்ளிக் அமிலத்தைச் சேர்த்தாலே சோதனைக் குழாயில் உருண்டைகள் உருவாகின்றன என்பது 1990களிலேயே தெரிந்த செய்தி. செல்லின் புரதம் ஒன்றுகூட அங்கே இல்லை. ஏ.பி.சி.இ.1 போன்ற செல் புரதங்கள் காக் கட்டமைவுக்கு இன்றியமையாதவை என்று 2002 முதல் ஒரு சாரார் வாதிட்டு வந்தாலும், அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஆகவே இளவேனில் அவர்களின் பாடம் எச்.ஐ.வி.க்கும் பொருந்துகிறது என்பதே என் கருத்து.

பதிவு 4: நீலமலை

வெளியேறுதலையும் ஒன்றுசேர்தலையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சுட்டிய சோதனையே எனக்குச் சான்றாக அமைகிறது. அந்தக் குழாயில் கிடைத்த உருண்டைகள் 25 முதல் 30 நானோமீட்டர் விட்டமே கொண்டவை; உண்மையான எச்.ஐ.வி. துகளோ 100 நானோமீட்டருக்கும் மேல். செங்கல் அதே செங்கல்தான், ஆனால் வளைவு தவறிவிட்டது. அந்தக் கலவையில் இனோசிட்டால் பாஸ்பேட் சேர்த்தபோதுதான் சரியான அளவுள்ள துகள்கள் வந்தன.

இது ஏன் என்பது 2018இல் விளங்கியது. காக்கின் ஒவ்வோர் அறுகோணத்தின் நடுவிலும் லைசின் அமினோ அமிலங்கள் இரண்டு வளையங்களாக நிற்கின்றன. நேர்மின் சுமை கொண்ட அவை ஒன்றையொன்று விலக்க வேண்டியவை. ஆறு பாஸ்பேட்டுகள் கொண்ட இனோசிட்டால் ஹெக்சாபாஸ்பேட் நடுவே அமர்ந்து அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. இது புரதம் அல்லதான். ஆனால் இதைத் தயாரிப்பவை செல்லின் நொதிகள்; அந்த நொதிகளை நீக்கிய செல்களில் எச்.ஐ.வி. உற்பத்தி வெகுவாகக் குறைகிறது. வடிவத்துக்கான அறிவு காக்கில் இருக்கிறது, அந்த வடிவத்தில் உறுதியாக நிற்பதற்கான ஆப்பு செல்லிடமிருந்து வருகிறது.

இடையில் ஒரு செய்தி: இந்த இனோசிட்டால் ஹெக்சாபாஸ்பேட்தான் தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள ஃபைட்டிக் அமிலம், பருப்பை ஊறவைத்தால் குறையும் என்று சத்துணவு வல்லுநர்கள் சொல்லும் அதே பொருள். உடனே யாரும் சாம்பாரை நிறுத்திவிட வேண்டாம். நம் செல்கள் தமக்கு வேண்டியதைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன; தட்டில் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

பதிவு 5: பழைய ஆய்வகத்தான்

இளைய நண்பர்கள் எச்.ஐ.வி.யிலேயே நின்றுவிட்டீர்கள். இந்தக் கேள்வி பாக்டீரியா வைரஸ்களில் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுந்து, அதற்குக் கிடைத்த பதில் உயிர்வேதியியலையே மாற்றியிருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

1970களின் தொடக்கத்தில், லாம்டா என்ற பாக்டீரியோஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், சுருக்கமாக ஃபேஜ்) வளர முடியாத ஈ. கோலை திரிபுகளைச் சிலர் தேடிப் பிரித்தெடுத்தார்கள். அந்த பாக்டீரியாக்களுக்குள் ஃபேஜ் நுழைந்தது, டி.என்.ஏ. பெருகியது, அதை அடக்கிவைக்கும் தலைக்கான புரதமும் உருவானது; ஆனால் அந்தப் புரதம் தலையாக அமையாமல் உருப்படியற்ற கட்டிகளாகத் திரண்டது. அதாவது குறை வைரஸில் இல்லை, செல்லில் இருந்தது. ஃபேஜின் ஈ மரபணுவில் ஏற்படும் சில மாற்றங்கள் இந்தக் குறையை ஈடுகட்டின. அதனாலேயே அந்த பாக்டீரிய மரபணுவுக்கு குரோ-ஈ என்று பெயரிட்டார்கள்: 'குரோ' வளர்ச்சியைக் குறிப்பது, 'ஈ' அந்த ஃபேஜ் மரபணுவைக் குறிப்பது. இன்று எல்லாப் பாடநூல்களிலும் இருக்கும் குரோ-இ.எல்., குரோ-இ.எஸ். என்ற இணை அங்கிருந்து வந்ததுதான். ஏழு ஏழாக இரண்டு வளையங்கள் அடுக்கிய பீப்பாயும், அதன் வாயை மூடும் ஏழு அலகு மூடியுமாக அமைந்த அந்தக் கூட்டுக்குள், பாதி மடிந்த புரதம் பிற புரதங்களோடு ஒட்டிக்கொள்ளாமல் தனிமையில் மடிகிறது. இவை ஃபேஜுக்கு மட்டுமல்லாமல் பாக்டீரியாவின் உயிர்வாழ்வுக்கே இன்றியமையாதவை என்பது பின்னரே தெரிந்தது.

டி4 ஃபேஜ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் தலைப் புரதம் அந்தக் கூட்டுக்குள் வசதியாக அடங்காத அளவுக்குப் பெரியது. ஆகவே டி4 செல்லின் பீப்பாயை அப்படியே பயன்படுத்திக்கொண்டு, மூடியை மட்டும் தானே கொண்டுவருகிறது. ஃபேஜின் 31ஆம் மரபணு உருவாக்கும் அந்த மூடி, குரோ-இ.எஸ்.ஸின் இடத்தில் பொருந்தி உள்ளறையைச் சற்று உயர்த்திக் கொடுக்கிறது. அடுத்தவர் வீட்டுப் பானையில் சமைக்க வந்தவர் தன் அளவுக்கு ஏற்ற மூடியை மட்டும் கையோடு கொண்டுவந்ததுபோல.

கல்லணையான் அவர்கள் சொன்ன செங்கல் கட்டுமானத்துக்கு, முதலில் செங்கல் செங்கல்லாக இருக்க வேண்டும். 1955 சோதனையில் கலக்கப்பட்ட புரதம், ஏற்கெனவே ஓர் உயிருள்ள இலைக்குள் மடிந்து முழுமையான வைரஸாக இருந்து, பின்னர் பிரித்தெடுக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பதிவு 6: முத்துச்சுடர்

மிகப் பயனுள்ள இழை. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். சவ்வு உறையுள்ள வைரஸ்கள் எல்லாம் எஸ்கார்ட் வழியாகத்தான் பிரிகின்றன என்று கொள்ளலாமா? மேலும், தூய்மைப்படுத்திய வைரஸ் துகளுக்குள் எந்தெந்தச் செல் புரதங்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்தால், ஒன்றுசேர்தலுக்கு உதவியவை எவை என்பது எளிதில் தெரிந்துவிடுமே? எச்.ஐ.வி. துகளுக்குள் சைக்ளோஃபிலின் ஏ இருப்பதாகப் படித்திருக்கிறேன். அப்படியென்றால் அதுவும் ஓர் உதவியாளர்தானே?

பதிவு 7: நீலமலை

முத்துச்சுடர் அவர்களே, இரண்டு கேள்விகளுக்கும் 'இல்லை' என்பதே பதில். ஆனால் இரண்டும் ஆராய்ச்சியாளர்களே இடறிய இடங்கள்.

எபோலாவின் வி.பி.40 புரதத்தில், காக்கின் பி6இல் உள்ள அதே நான்கு அமினோ அமில வரிசை இருக்கிறது. அது எஸ்கார்ட்டை அழைக்கிறது. இன்ஃபுளுவென்சாவோ எஸ்கார்ட்டை நம்பியிருக்கவில்லை. அதன் எம்2 புரதமே கழுத்துப் பகுதியில் சவ்வுக்குள் சாய்ந்து அதை அறுக்கத் துணைசெய்கிறது என்று 2010இல் காட்டப்பட்டது. அதே இன்ஃபுளுவென்சா, தன் எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகளைச் சவ்வுக்குக் கொண்டுபோக ராப்11 என்ற செல் புரதத்தைச் சார்ந்திருக்கிறது. எந்த வேலையைத் தான் செய்வது, எதைச் செல்லிடம் விடுவது என்பது வைரஸுக்கு வைரஸ் வேறுபடும்.

சைக்ளோஃபிலின் கதை ஒரு நல்ல எச்சரிக்கை. அது காக்குடன் ஒட்டுகிறது என்று 1993இல் கண்டறிந்தார்கள். 1994இல், பத்துக் காக்குக்கு ஒன்று என்ற அளவில் அது துகளுக்குள் ஏறுவதையும், சைக்ளோஸ்போரின் மருந்தால் அதைத் தடுத்தால் வைரஸின் தொற்றுத்திறன் குறைவதையும் காட்டினார்கள். புரதங்களின் மடிப்புக்கு உதவும் நொதி என்பதால், அது கட்டமைப்புக்கு உதவுவதாக எண்ணுவது இயல்பாகவே இருந்தது. ஆனால் அது இல்லாமலும் துகள்கள் பார்வைக்குக் குறையின்றி உருவாகின. அதன் முதன்மையான வேலை துகள் பிறக்கும் செல்லில் நடப்பதன்று, துகள் அடுத்துப் புகும் செல்லில் நடப்பது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெளிவானது. அங்கே இருக்கும் சைக்ளோஃபிலின், உள்ளே வந்த வைரஸின் உட்கூட்டின் மேல் படர்ந்து, டிரிம்5 ஆல்ஃபா என்ற காவற்புரதத்தின் கண்ணில் படாமல் அதை மறைக்கிறது.

துகளுக்குள் இருப்பதெல்லாம் உதவி என்று கொள்ள முடியாததற்கு அபோபெக்3ஜி இன்னும் கடுமையான சான்று. அதுவும் செல்லின் புரதமே, அதுவும் துகளுக்குள் ஏறுகிறது. ஆனால் அது ஏறுவது அடுத்த செல்லில் வைரஸின் மரபுச் செய்தியைச் சிதைப்பதற்காக. எச்.ஐ.வி. அதை ஏறவிடாமல் தடுக்கவே விஃப் என்ற தனிப் புரதம் வைத்திருக்கிறது. இவை போதாதென்று, செல்கள் தாமாக உதிர்க்கும் சிறு சவ்வுப் பைகளும் வைரஸோடு சேர்ந்தே தூய்மையாகி வந்துவிடுகின்றன. வெளியே ஒட்டியிருக்கும் புரதங்களை சப்டிலிசின் என்ற நொதியால் செரித்துவிட்டு எஞ்சியதை மட்டும் எண்ணுவது அதனால்தான். பந்தி நடந்த இலையில் கிடக்கும் எறும்பைக் கண்டு, எறும்புதான் சமைத்தது என்று முடிவுகட்டக் கூடாதல்லவா.

பதிவு 8: தாழம்பூ

நான் மருத்துவத் துறையில் இருப்பவள். அடிப்படை ஆய்வில் இல்லை. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் டெங்கு நோயாளிகளைப் பார்ப்பதால், அந்த வைரஸின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

டெங்கு பிளாஸ்மா சவ்வில் மொட்டு விடுவதில்லை. செல்லுக்குள்ளே எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில் உருவாகி அதன் உள்ளறைக்குள் புடைக்கிறது. அதன் புரதங்கள் அனைத்தும் ஒரே நீளமான சங்கிலியாகப் பிறக்கின்றன. அதைச் சில இடங்களில் வெட்டுவது வைரஸின் சொந்த நொதி, வேறு சில இடங்களில் வெட்டுவது செல்லின் சிக்னல் பெப்டிடேஸ். முதிராத துகளின் மேல் 60 முட்கள் நிமிர்ந்து நிற்கும். அது கோல்கை உறுப்பின் அமிலச் சூழலைக் கடக்கும்போது அந்த முட்கள் சாய்ந்து 90 இணைகளாகத் துகளின் மேல் படிகின்றன. அப்போது செல்லின் ஃபியூரின் என்ற நொதி காப்புப் புரதத்தை வெட்டிவிடுகிறது. வெட்டப்பட்ட துண்டு உடனே விழுவதில்லை. வெளியே நடுநிலைச் சூழலுக்கு வந்தபிறகே உதிர்கிறது. அமிலம் பட்டவுடன் சவ்வோடு இணையும் இயல்புடைய வைரஸ், பிறந்த செல்லின் அமிலப் பாதையிலேயே இணைந்து வீணாகிவிடாமல் இருக்க இந்தக் காப்புத் துண்டு தேவைப்படுகிறது. ஃபியூரினின் வெட்டு பல துகள்களில் முழுமை பெறுவதில்லை என்பதால், பாதி முதிர்ந்த துகள்களும் நோயாளியின் உடலில் சுற்றுகின்றன.

எனக்கு உள்ள கேள்வி மருந்தைப் பற்றியது. வைரஸ் தன் புரதத்தை மாற்றிக்கொண்டு மருந்திலிருந்து தப்பிவிடும். செல்லின் புரதத்தை அதனால் மாற்ற முடியாது. ஆகவே செல்லின் உதவியைத் தடுப்பதே மேல் என்று பலரும் எழுதுகிறார்கள். 2007இல் போலியோ வைரஸில் இது அழகாகவே காட்டப்பட்டது. அதன் உறைப் புரதம் மடிவதற்கு, மடிப்புக்கு உதவும் செல் புரதமான எச்.எஸ்.பி.90 தேவை, அதைத் தடுத்தபோது, எதிர்ப்புத்திறன் கொண்ட வைரஸ்கள் தோன்றவே இல்லை. ஜலதோஷம் உண்டாக்கும் ரைனோ வைரஸின் உறைப் புரதத்திலும் மிரிஸ்டிக் அமிலத்தை ஒட்டவைப்பது செல்லின் நொதிதான். அதைத் தடுக்கும் ஒரு சேர்மத்தை லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2018இல் வெளியிட்டது. ஆனால் இவையெல்லாம் ஆய்வகச் செய்திகள். டெங்குவில் செல்லின் குளுக்கோசிடேஸைத் தடுத்து, வைரஸின் சர்க்கரை ஒட்டிய புரதங்கள் சரியாக மடியாமல் செய்யும் செல்கோசிவிர் என்ற மருந்தைச் சிங்கப்பூரில் 50 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, மருந்து பாதுகாப்பாக இருந்தது. ஆனால் இரத்தத்தில் வைரஸின் அளவையோ காய்ச்சலையோ குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை.

எஸ்கார்ட்டைத் தொட்டால் செல் பிரிதலே நின்றுவிடாதா? டி.எஸ்.ஜி.101 மரபணுவை நீக்கிய எலிகள் கருவிலேயே இறந்துவிடுகின்றன என்று படித்திருக்கிறேன்.

பதிவு 9: கல்லணையான்

தாழம்பூ அம்மையாரின் அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு விலங்குகளே ஒரு விடை வைத்திருக்கின்றன. மூன்றாம் எஸ்கார்ட் தொகுதியைச் சேர்ந்த சி.எச்.எம்.பி.3 என்ற புரதத்தை வெட்டிக் குறுக்கினால், அது அந்தக் கருவியையே முடக்கி வைரஸையும் நிறுத்தும், செல்லையும் கொல்லும் என்பது ஆய்வகத்தில் முன்பே தெரிந்தது. தென்னமெரிக்க அணில் குரங்குகளிலும் எலிகளிலும், அதே புரதத்தின் குறுகிய நகல் ஒன்றை உருவாக்கும் கூடுதல் மரபணு, தனித்தனியே தோன்றி நிலைத்திருப்பதாக யூட்டா பல்கலைக்கழகக் குழு 2021இல் வெளியிட்டது. ரெட்ரோ-சி.எச்.எம்.பி.3 என்பது அதன் பெயர். அது எச்.ஐ.வி. போன்ற வைரஸ்களின் பிரிதலைத் தடுக்கிறது. செல் பிரிதலைக் கெடுப்பதில்லை.

அது அறுக்கும் கருவியை முழுவதும் நிறுத்தாமல், சற்றுத் தாமதப்படுத்துகிறது என்பதுதான் சூட்சுமம். செல் பிரிதல் அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். வைரஸால் முடியாது, எச்.ஐ.வி. தன் புரோட்டியேஸ் நொதியை மொட்டுக்குள் வைத்துக்கொண்டு காத்திருக்கும் நேரத்தில், கழுத்து திறந்தே இருந்தால் அந்த நொதி விழித்துக்கொண்டு மீண்டும் செல்லுக்குள் கசிந்துவிடும். இதே வழியில் மருந்து செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி. ஆனால் செல்லின் புரதத்தைத் தொட்டாலே செல் சாகும் என்ற வாதம் இனி முழுமையாக நிற்காது. ஒன்றுசேர்தலுக்குச் செல் தேவையில்லை என்று மூன்றாம் பதிவில் நான் எழுதியதையும், இனோசிட்டால் செய்தியைப் படித்தபின் பாதி திரும்பப் பெறுகிறேன். மறுபாதியை வைத்துக்கொள்கிறேன்.

பதிவு 10: இளவேனில்

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அடுத்த வகுப்பில் 1955 சோதனையை நீக்கப்போவதில்லை. அதற்குப் பக்கத்தில் குரோ-ஈ கதையையும் காம்பில் தொங்கும் எச்.ஐ.வி. படத்தையும் வைத்து, முதற்சோதனைக் குழாயில் எவையெல்லாம் முன்கூட்டியே தயாராக இருந்தன என்று மாணவர்களையே பட்டியலிடச் சொல்லப்போகிறேன். வைரஸ் செல்லைக் 'கடத்துகிறது' என்று இதுவரை சொல்லிவந்தேன். காக் செய்வது அதைவிட நுட்பமானது. எஸ்கார்ட்டை வழக்கமாக எண்டோசோமுக்கு அழைக்கும் செல் புரதத்தில் புரோலின், செரின், அலனின், புரோலின் என்று இருக்கிறதாம். காக்கில் செரினுக்குப் பதில் திரியோனின். வீட்டுக்காரர் குரலில் கூப்பிட்டு வேலையாளை அழைப்பதற்குக் கடத்தல் என்ற சொல் பொருந்தவில்லை. பொருத்தமான சொல் இருந்தால் சொல்லுங்கள்.

பதிவு 11: பழைய ஆய்வகத்தான்

'குரல் மாற்றி அழைத்தல்' என்றே சொல்லலாம், மாணவர்களுக்குப் புரியும்.

1955 சோதனையைச் சொல்லும்போது ஒரு திருத்தம் வேண்டும். கலவை நோயுண்டாக்கியது என்பதை மட்டும் சான்றாகக் காட்டாதீர்கள். மறு ஆண்டே, 1956இல், புரதமே இல்லாத வெறும் ஆர்.என்.ஏ.வும் இலையில் நோயுண்டாக்கும் என்று ஜெர்மனியில் கீரரும் ஷ்ராமும், பெர்க்லியில் ஃபிரேங்கல்-கான்ராட்டும் காட்டினார்கள். விவரம் தெரிந்த மாணவி ஒருத்தி, அப்படியானால் நோயுண்டாக்கியது துகளா வெறும் ஆர்.என்.ஏ.வா என்று கேட்டால் பதில் வேண்டும். வெறும் ஆர்.என்.ஏ.வின் திறன் மிகக் குறைவு, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி பட்டால் அதுவும் போய்விடும். புரதத்துக்குள் அடங்கிய ஆர்.என்.ஏ.வை அந்த நொதி எட்டாது. அதோடு வில்லியம்ஸ் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தக் குச்சிகளைக் கண்ணாலேயே பார்த்திருந்தார். அந்தப் படத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.